தும்பை குரைக்காத காலை

நடுவில் ஓர் ஆறு ஓட, அதன் இரண்டு கரைகளிலும் இரண்டு காடுகள் இருந்தன. இந்தக் கரையில் மருதங்காடு. அந்தக் கரையில் ஈச்சங்காடு. நம் கதை, குழந்தைகளே, மருதங்காட்டில் நடந்தது.

அங்கே தும்பை என்று ஒரு கேழைமான் வாழ்ந்தாள். கேழைமான் உருவத்தில் சிறியது. ஆனால் ஆபத்தைக் கண்டால் நாயைப் போலக் குரைக்கும். அந்தக் குரல் மலைச்சரிவு வரைக்கும் கேட்கும். தும்பைக்குக் கண்ணும் கூர்மை, மூக்கும் கூர்மை. புலி வருகிறதென்று அவள் குரைத்து எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கின்றன.

ஒரு மழைக்காலத்தில், அவளுடைய மூக்குக்கும் பிடிபடாத ஒன்று காட்டுக்குள் வந்தது. அதன் பெயர் முறைக்காய்ச்சல்.

முதலில் குளிரும். உச்சி வெயிலில் நின்றாலும் பல் கிடுகிடுக்கும். பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். அப்புறம் வியர்த்துக் கொட்டி, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். ஒரு நாள் சும்மா விட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் குளிரும்.

தும்பையின் ஆண்குட்டி குருத்து இப்படி மூன்று முறை நடுங்கினான். நான்காம் முறை நடுங்க அவன் உடம்பில் வலு இல்லை. தும்பை அவன் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தாள். சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குணமாகிறான் என்றுதான் நினைத்தாள். நாக்கில் சில்லென்று பட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அந்த மழைக்காலத்தில் குருத்தோடு சேர்த்து முப்பத்திரண்டு உயிர்கள் போயின.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காற்று என்றது ஒன்று. புதுப்புல் என்றது இன்னொன்று. நீர்நாய் மட்டும் வாய் திறக்கவில்லை. சேறும் சகதியுமாக இருந்த இடங்களில் எல்லாம் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தான். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன் அவன். ஒரு நாள் நேராக யானை அரசரின் முன்னால் போய் நின்றான்.

"அரசே, கொசுக்கள்தான் இந்தக் காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு போகின்றன. நோயாளியைக் கடித்த கொசுவே அடுத்தவரையும் கடிக்கிறது."

"அந்தக் கொசுக்கள் எங்கே பிறக்கின்றன?" என்று அரசர் கேட்டார்.

"உங்கள் காலடியில், அரசே."

சபை திடுக்கிட்டது. நீர்நாய் நிறுத்தவில்லை.

"நீங்கள் நடக்கிற இடத்தில் எல்லாம் குழி விழுகிறது. குழியில் மழைநீர் தேங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் கொசுப்புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிகின்றன. வந்து பாருங்கள்."

யானை அரசர் பெரிய மனதுக்காரர். எழுந்து போய், தன் காலடிக் குழி ஒன்றைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளி அந்தக் குழியைத் தாமே மூடினார்.

அன்றே வேலை தொடங்கியது. பன்றிகளும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் காலையில் எழுந்ததும் குழிகளை மூடின. மூட முடியாத குளங்களில் நீர்நாய் சிறு மீன்களைக் கொண்டுவந்து விட்டான். அவை கொசுப்புழுக்களைத் தின்று கொழுத்தன. மலையுச்சியில் ஒரு கசப்பு மரம் இருந்தது. அதன் பட்டை காய்ச்சலைக் கொல்லும் என்று கண்டுபிடித்து, உரித்து வந்து ஒரு மரப்பொந்தில் சேர்த்து வைத்தார்கள்.

தும்பை தானாகவே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் புதர் புதராக, பொந்து பொந்தாகப் போவாள். யாருக்காவது உடம்பு சுடுகிறதா, குளிர்கிறதா என்று விசாரிப்பாள். யாராவது நடுங்கினால் அங்கேயே நின்று மூன்று முறை குரைப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் நீர்நாய் பட்டையோடு ஓடிவருவான். நோயாளியை நொச்சித் தழை வேய்ந்த குடிலில் படுக்க வைப்பார்கள். கொசு அவரைக் கடித்து அடுத்தவரிடம் போகக் கூடாதல்லவா?

பட்டையைப் பதினான்கு நாள் மெல்ல வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் தும்பைக்குத் தொல்லை.

"எனக்குத்தான் குணமாகிவிட்டதே! இந்தக் கசப்பை இன்னும் எதற்கு மெல்ல வேண்டும்?" என்று முயல் முகத்தைச் சுளிக்கும்.

"உனக்குக் குணமாகிவிட்டது. உன் ரத்தத்துக்கு இன்னும் ஆகவில்லை. மெல்லு" என்பாள் தும்பை. முயல் விழுங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒருவர். மூன்றாவதில் யாரும் சாகவில்லை. நான்காவது மழைக்காலத்தில் மருதங்காட்டில் ஒருவருக்குக்கூடக் குளிரவில்லை. அந்த வருஷம்தான் தும்பைக்கு ஒரு பெண்குட்டி பிறந்தாள். அரும்பு என்று பெயர் வைத்தாள்.

அப்போதுதான் அமைச்சர் சபையில் பேச எழுந்தார். அமைச்சர் ஒரு கருமந்திக் குரங்கு. எதைப் பேசினாலும் கேட்பவர் தலையாட்டும்படி பேசுகிறவர்.

"அரசே, ஒரே ஒரு கேள்வி. இன்று நம் காட்டில் முறைக்காய்ச்சல் யாருக்கு இருக்கிறது?"

"யாருக்கும் இல்லை" என்றார் அரசர்.

"தினமும் காலையில் குழி மூடப் போகிறவர்கள் எத்தனை பேர்?"

"அறுபது பேர்."

"இல்லாத நோய்க்கு அறுபது பேரா? தேன் எடுக்க ஆளில்லை. கிழங்கு தோண்ட ஆளில்லை. கோடை வந்தால் குட்டிகளுக்கு எதைக் கொடுப்போம்? காய்ச்சல் நம்மை விட்டுப் போய்விட்டது, அரசே. போனதைக் காத்துக்கொண்டு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீர்நாய் எழுந்தான். "காய்ச்சல் தானாகப் போகவில்லை. நாங்கள் தடுத்து வைத்திருக்கிறோம். கையை எடுத்தால் திரும்பி வந்துவிடும்."

"எங்கே இருக்கிறது அந்தக் காய்ச்சல்? காட்டு, பார்க்கலாம்" என்றார் அமைச்சர்.

நீர்நாயால் எதையும் காட்ட முடியவில்லை. அவன் தும்பையின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு, தும்பை. பொந்து பொந்தாகப் போய்ப் பார்க்கிறவள் நீதானே?"

தும்பை எழுந்து நின்றாள். நான்கு வருஷமாக ஒரு நாள்கூட அவள் விடியும்வரை தூங்கியதில்லை. கால்களில் முள் குத்தாத இடமில்லை. அரும்பு அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அரசர் எது சொன்னாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அரசரும் அமைச்சர் சொன்னதற்கே சம்மதித்தார். வேலை நின்றது.

முதல் நாள் காலையில் தும்பை வெயில் ஏறும்வரை தூங்கினாள். அரும்பு அவள் முதுகில் ஏறிக் குதித்து அவளை எழுப்பினாள். அவ்வளவு சந்தோஷமான காலையைத் தும்பை கண்டதே இல்லை.

நீர்நாய் மட்டும் தனியாகக் குழிகளை மூடிக்கொண்டிருந்தான். ஒரு நீர்நாயால் எத்தனை குழிகளை மூட முடியும்? ஒரு நாள் அவன் தும்பையைத் தேடி வந்தான்.

"நாம் இரண்டு பேராவது போவோமா, தும்பை?"

"அரும்பு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாளைக்குப் பார்க்கலாமே."

நீர்நாய் மறுநாளும் வந்தான். அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. யானைகள் நடந்த தடமெல்லாம் குழிகளாகி, குழிகளில் எல்லாம் தண்ணீர் மினுங்கியது. கோடையில் வற்றிய குளங்களில் மீன்கள் செத்துப்போயின. புது மீன்களை யாரும் விடவில்லை. பொந்தில் கிடந்த பட்டையைக் கரையான் அரித்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாருக்கும் கவலை வரவில்லை. காய்ச்சல்தான் இல்லையே!

அந்த மழைக்காலத் தொடக்கத்தில், ஈச்சங்காட்டிலிருந்து ஒரு காட்டுப்பன்றி ஆற்றை நீந்திக் கடந்து இந்தக் கரைக்கு வந்தான். அந்தக் கரையில் இன்னும் காய்ச்சல் தீரவில்லை. பயந்த சுபாவம் உள்ளவன் அவன். யார் கண்ணிலும் படாமல் கொன்றைப் புதரின் அடியில் ஒடுங்கிக் கிடந்தான்.

நான்கு நாள் கழித்து, ஒரு காலையில், தும்பை அந்தப் பக்கமாக மேயப் போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்றே இல்லை. கொன்றைப் புதர் மட்டும் ஆடியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். பன்றியின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"உடம்பு சரியில்லையா, தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா, ஒன்றுமில்லை. ஆற்றில் நீந்தி வந்த ஈரம். அதுதான் கொஞ்சம் குளிர்கிறது."

தும்பை அவன் பிடரி மயிரைப் பார்த்தாள். அது காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரைப்பதற்காகக் கழுத்துகூட நிமிர்ந்துவிட்டது. 'குரைத்தால் நீர்நாய் வருவான். பட்டை இல்லை. மலைக்குப் போக வேண்டும். மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவேளை, இவன் சொல்வதுபோல வெறும் ஈரமாகவே இருந்துவிட்டால்? அமைச்சர் சிரிப்பாரே.'

புல்வெளியிலிருந்து அரும்பு, "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

'இது இப்போது என் வேலை இல்லையே' என்று தும்பை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குரைக்காமல் திரும்பி நடந்தாள்.

இருபது நாள் கழித்து ஒரு முயல் நடுங்கியது. மறுநாள் இரண்டு முள்ளம்பன்றிகள். அந்த வாரம் முடிவதற்குள், எந்தப் புதரை விலக்கினாலும் முனகல் கேட்டது. காய்ச்சல் முன்பு வந்ததைவிடக் கடுமையாக வந்தது. இடையில் பிறந்த குட்டிகளின் உடம்பு அந்தக் காய்ச்சலை அறியாது. அதனால் எதிர்த்து நிற்கத் தெரியவில்லை.

ஒரு மாலையில் அரும்பு ஓடி வந்து தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"அம்மா, குளிருது" என்றாள்.

தும்பை மரப்பொந்துக்குப் பாய்ந்து ஓடினாள். உள்ளே கரையான் மண்தான் இருந்தது. அங்கிருந்தே அவள் குரைத்தாள். மூன்று முறை அல்ல, தொண்டை கிழியும்வரை குரைத்தாள். நீர்நாய் வந்தான். அவன் எதையும் கேட்கவில்லை, எதையும் குத்திக் காட்டவில்லை.

"மலைக்குப் போய் வர எனக்கு மூன்று நாள் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான். நீரில் நீந்தப் பிறந்த குட்டைக் கால்கள். பாறையில் தேய்ந்து ரத்தம் கசிய ஏறினான். மூன்றாம் நாள் மத்தியானம் வாய் நிறையப் பட்டையோடு வந்து விழுந்தான்.

தும்பை பட்டையைத் தானே மென்று, மசித்து, குட்டியின் வாயில் வைத்தாள்.

"கசக்குதும்மா."

"கசக்கட்டும் கண்ணு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் விழுங்கிவிடு."

அரும்பு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். நல்ல குட்டி அவள், சொன்ன பேச்சைக் கேட்பாள். சூரியன் சாயும் நேரத்தில் அவளும் போய்விட்டாள்.

பட்டையில் குறை இல்லை. அது மூன்று நாள் முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காடு முழுக்க ஆற்றங்கரையில் கூடியது. கொன்றைப் புதரடியில் கண்டுபிடித்த காட்டுப்பன்றியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மெலிந்து எலும்பாகிப்போயிருந்த அவனால் நிற்கக்கூட முடியவில்லை.

"இவன்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தவன்! ஆற்றில் தள்ளுங்கள்!" என்று அமைச்சர் கத்தினார். அவருடைய தங்கை மகனும் அந்த வாரம்தான் இறந்திருந்தான். கூட்டம் முன்னால் நெருக்கியது.

அப்போது தும்பை குரைத்தாள்.

கூட்டம் அப்படியே நின்றது. அவள் நடந்து வந்து பன்றியின் பக்கத்தில் நின்றாள்.

"இவனைத் தள்ளுவதாக இருந்தால், என்னையும் சேர்த்துத் தள்ளுங்கள்."

"நீ என்ன செய்தாய், தும்பை?" என்று அரசர் கேட்டார்.

"இவன் நடுங்கியதை நான் பார்த்தேன், அரசே. முதல் ஆளாகப் பார்த்தேன். ஈரம் என்று சொன்னான். இவன் மயிர் காய்ந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, குரைக்காமல் வீட்டுக்குப் போனேன்."

தும்பை பன்றியிடம் திரும்பினாள்.

"அன்றைக்கு ஏன் தம்பி மறைத்தாய்?"

பன்றி தலையைத் தூக்காமல் சொன்னான். "எங்கள் காட்டில், காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்ன என் அண்ணனை முட்டியே கொன்றார்கள், அக்கா."

"கேட்டீர்களா?" என்றாள் தும்பை. "இன்று இவனைத் தள்ளினால் நாளைக்கு வருகிறவன் இன்னும் ஆழமான புதரைத் தேடிப் போவான். நம் பிள்ளைகளும் குளிர்கிறதென்று சொல்லப் பயப்படுவார்கள். கடிக்கிற கொசுவுக்கு இந்தக் காடு, அந்தக் காடு என்றெல்லாம் தெரியாது. இவனுக்குப் பட்டை கொடுங்கள். பதினான்கு நாளும் நானே கொடுக்கிறேன்."

"உன் குட்டி நேற்றுத்தானே..." என்று தொடங்கிய அரசர் முடிக்க முடியாமல் நிறுத்தினார். துதிக்கை தரையைத் தொட்டது. "தப்பு என்னுடையது, தும்பை. கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று நம்பினேன்."

நீர்நாய் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த பட்டையைத் தும்பை எடுத்து வந்தாள். அதில் அரும்புக்காக அவள் கடித்த பல்தடம் இருந்தது. அதை மென்று, மசித்து, பன்றியின் வாயில் வைத்தாள்.

மறுபடியும் அறுபது பேர் குழி மூடப் போனார்கள். இந்த முறை முன்னால் நடந்தவர் யானை அரசர். மறுபடியும் மீன்கள், மறுபடியும் மலையேற்றம். அமைச்சர் முன்போலப் பேசுவதில்லை. ஆற்றோரத்து மரத்தின் உச்சிக்கிளை ஒன்றில் குடியேறினார். அக்கரையிலிருந்து யார் நீந்தி வந்தாலும், "தும்பை, ஆள் வருகிறார்!" என்று கூப்பிடுவார். வருகிறவருக்கு முதலில் தண்ணீரும் கிழங்கும் கொடுப்பார்கள். அதன்பின் தும்பை போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

போன தடவை நான்கு வருஷத்தில் முடிந்தது. இந்த முறை ஏழு வருஷம் பிடித்தது. அதற்குள் எழுபத்தொன்பது உயிர்கள் போயின. எட்டாவது மழைக்காலத்தில் யாருக்கும் குளிரவில்லை. ஒன்பதாவதிலும் இல்லை. பத்தாவதிலும் இல்லை. ஆனால் ஒரு காலையில்கூட யாரும் வேலையை நிறுத்தவில்லை.

இந்தச் செய்தி அக்கரைக்கும் போனது. ஈச்சங்காட்டின் தலைவரான கரடி, நான்கைந்து பேரோடு ஆற்றைக் கடந்து வந்தார். எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு எப்போதும் உண்டு. குழி மூடுவதையும் மீன் விடுவதையும் பட்டை உரிப்பதையும் அமைச்சர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கரடி தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

"இதெல்லாம் எங்களாலும் முடியும்" என்றார் கரடி. "ஒன்று மட்டும் சொல்லுங்கள். காய்ச்சல் ஒழிந்த பிறகு எத்தனை நாள் கழித்து இந்த வேலையை நிறுத்தலாம்?"

அமைச்சர் தும்பையின் பக்கம் திரும்பினார். தும்பைதான் பதில் சொன்னாள்.

"நாங்கள் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தோம், ஐயா" என்றாள். "அப்போது எனக்கு ஒரு மகள் இருந்தாள்."

கரடி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அன்று தான் பட்டை கொடுத்துப் பிழைக்க வைத்த காட்டுப்பன்றியின் முதுகில் தும்பை பட்டைக்கட்டை ஏற்றினாள். அக்கரையில் எத்தனை பொந்துகள் இருக்கின்றன, எங்கே குட்டிகள் அதிகம் என்று கரடியிடம் விசாரித்துக்கொண்டே ஆற்றில் இறங்கினாள்.

நீதி: ஒரு நோயை விரட்டுவது பாதி வேலைதான், அது திரும்பி வராமல் விழித்திருப்பது மீதி வேலை.